பிடித்தவர் கையிலேயே வெடிக்கும் கள்ளத்துப்பாக்கி: யாரும் கேட்காத கேள்வி

புது டெல்லி: பறிமுதல் செய்யப்பட்ட நாட்டுக் கைத்துப்பாக்கிகள் மேசையின் மீது வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் பின்னால் காவலர்கள் நிற்கும் புகைப்படம் வட இந்தியச் செய்திகளில் வாடிக்கையான ஒன்று. தேர்தல் நெருங்கினால் இத்தகைய படங்களின் எண்ணிக்கை கூடும். அந்தத் துப்பாக்கிகள் எங்கே தயாரிக்கப்பட்டன, யாருக்கு விற்கப்பட இருந்தன, எந்தக் குற்றத்தில் பயன்பட்டன என்பவை விசாரிக்கப்படுகின்றன. ஆனால், விசையை அழுத்தாமலேயே அவை வெடிக்கக்கூடியவையா, சுடும்போது குழல் பிளக்கக்கூடியவையா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

குற்றவாளியின் கையில் இருக்கும் ஆயுதம் குறைபாடுள்ளதாக இருந்தால் நமக்கென்ன என்று தோன்றலாம். எனினும், தவறுதலாக வெடிக்கும் துப்பாக்கியின் குண்டு, பிடித்திருப்பவரின் தொடையை மட்டும் துளைப்பதில்லை. பக்கத்து அறையில் உறங்கும் குழந்தையையும், திருமண மேடையில் நிற்பவரையும், பேருந்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரையும் அது தாக்கக்கூடும். கள்ளத்துப்பாக்கியைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கும் நமது அணுகுமுறையில், அது ஒரு பொதுப் பாதுகாப்புப் பிரச்சினை என்பது விடுபட்டுப்போகிறது.

‘கட்டா’ என்பது என்ன?

தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்றால், வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் நீளக்குழல் வேட்டைத் துப்பாக்கியையே குறிக்கும். உத்தரப் பிரதேசம், பிகார், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் ‘கட்டா’ அல்லது ‘தமஞ்சா’ என்று அழைக்கப்படுவது வேறு. அது இடுப்பில் செருகிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. ஒருமுறை சுட்டதும் திறந்து, வெற்றுக்கூட்டை அகற்றி, அடுத்த தோட்டாவைச் செருக வேண்டிய ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. பட்டறைகளில் பழைய இரும்புக் குழாய்களையும் தகடுகளையும் கொண்டு உருவாக்கப்படுகிறது. வாகனங்களின் ஸ்டீயரிங் குழாய்கள்கூட இதற்குப் பயன்படுத்தப்படுவதாகப் பல வழக்குகளில் தெரியவந்துள்ளது.

இவற்றில் பெரும்பாலானவை 12 போர் தோட்டாவுக்கோ .315 போர் தோட்டாவுக்கோ ஏற்றவாறு செய்யப்படுகின்றன. முதலாவது, தோளில் அணைத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்கு உரியது. இரண்டாவது, ரைஃபிளுக்கு உரியது. ராணுவத் தோட்டா வகைகளைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை இருப்பதால், உரிமம் பெற்றோருக்கான ரைஃபிள்கள் .315 அளவில் அரசுத் தொழிற்சாலைகளில் தயாரிக்கப்பட்டு வந்தன. அந்தத் தோட்டாவே கள்ளச் சந்தைக்கும் கசிகிறது.

ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே, ரைஃபிளின் தோட்டா அறை உயர்தர எஃகினால் செய்யப்பட்டு, வெப்பப் பதனிடலுக்கு உட்படுத்தப்படுகிறது. அதே தோட்டாவைத் தண்ணீர்க் குழாய் போன்ற ஒன்றில் வைத்து, முகத்துக்கு முன்னால் ஒரு கையில் பிடித்துச் சுடும்போது அந்த அழுத்தம் சிறிதும் குறைவதில்லை. அதைத் தாங்க வேண்டிய இரும்பு மட்டுமே மாறியிருக்கிறது.

சுடக்கூடாதபோது சுடுவது ஏன்?

இத்தகைய துப்பாக்கிகளின் பழுதுகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது, சுடக்கூடாத நேரத்தில் வெடிப்பது.

நவீன ரிவால்வர்களில், விசையை முழுமையாக அழுத்தினால் ஒழிய சுத்தியலின் அடி தோட்டாவைச் சென்றடையாதபடி இடையில் ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். தரமான தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் ஊசியையே பூட்டி வைக்கும் அமைப்பு உண்டு. கட்டாவில் இவை எதுவும் கிடையாது. பெரும்பாலும் சுத்தியலும் ஊசியும் ஒன்றாகவே இருக்கும். தோட்டா நிரப்பிய நிலையில் ஊசியின் முனை ப்ரைமரைத் தொட்டபடியே இருக்கக்கூடும். துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலின் பின்பக்கம் தரையில் மோதினாலோ, மோட்டார் சைக்கிளில் செல்லும்போது இடுப்பில் செருகியது கைப்பிடியில் இடித்தாலோ, அந்த அதிர்வே போதுமானது.

சுத்தியலை இழுத்து நிறுத்திவைக்கும் கொக்கி மற்றொரு பலவீனமான இடம். முறையான தொழிற்சாலையில் அதன் விளிம்பு கடினப்படுத்தப்பட்டிருக்கும். மென்மையான இரும்பில் வெட்டப்பட்ட கொக்கியோ சில பத்து முறை இயக்கியதிலேயே மழுங்கிவிடுகிறது. அதன்பின், இழுத்து நிறுத்திய சுத்தியல் விசையைத் தொடாமலேயே நழுவி விழும். நேற்று வரை சரியாக இயங்கியது என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் அளிப்பதில்லை.

இரண்டாவது வகை, சுடும்போது துப்பாக்கியே சிதறுவது. தோட்டா அறை சற்றுப் பெரிதாகக் கடையப்பட்டிருந்தால் பித்தளைக் கூடு கிழிந்து, எரிவாயு பின்னோக்கிப் பீறிடும். குழலையும் உடற்பகுதியையும் இணைக்கும் தாழ்ப்பாள் வலுவற்றதாக இருந்தால், வெடிக்கும் கணத்தில் திறந்துகொண்டு கூடு முகத்தை நோக்கிப் பறக்கும். பற்றவைப்புத் தையலுள்ள குழாயாக இருந்தால் அந்தத் தையலிலேயே பிளக்கும். விரல்கள், உள்ளங்கை, கண் ஆகியவையே இவ்வகை விபத்துகளில் முதலில் பாதிக்கப்படும் உறுப்புகள்.

தோட்டாவும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஈரம் பட்டதும் மறுபடி நிரப்பப்பட்டதுமான தோட்டாக்கள், விசையை அழுத்திய உடனே வெடிக்காமல் சில கணங்கள் தாமதித்து வெடிப்பதுண்டு. ‘சுடவில்லையே’ என்று குழலைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் உயிராபத்தாகிறது.

ஐயத்துக்குரிய துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுடாமல், பொருத்தியில் இறுக்கிவைத்து, தொலைவிலிருந்து விசையை இயக்கிச் சோதிப்பது தடய அறிவியல் ஆய்வகங்களில் பின்பற்றப்படும் முன்னெச்சரிக்கை. வல்லுநர்கள் கையில் பிடிக்கத் தயங்கும் பொருளைத்தான், இருபது வயது இளைஞர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, தோட்டாவுடன் இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

இயந்திரமா, மனிதரா?

தவறுதலாக வெடிக்கும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மலிவான தயாரிப்பே காரணம் என்று கூறிவிட முடியாது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி அதிகாலையில், பாலிவுட் நடிகர் கோவிந்தா மும்பையில் உள்ள தமது வீட்டில் காயமடைந்தார். உரிமம் பெற்ற ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்ததாகவும், குண்டு காலில் பாய்ந்ததாகவும் அவரது தரப்பில் தெரிவிக்கப்பட்டது. உரிமம் இருந்தாலும், தோட்டா நிரம்பிய நிலையில் விழும் துப்பாக்கி ஆபத்தானதே என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

2023 டிசம்பரில் உத்தரப் பிரதேச மாநிலம் அலிகாரில் நிகழ்ந்தது இன்னொரு வகை. கடவுச்சீட்டு சரிபார்ப்புக்காகக் காவல் நிலையத்துக்கு வந்திருந்த பெண் ஒருவரின் தலையில், துணை ஆய்வாளர் கையாண்ட துப்பாக்கியிலிருந்து வெளியேறிய குண்டு பாய்ந்தது. அவர் பின்னர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சி நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அது காவல்துறையின் துப்பாக்கி, பட்டறையில் செய்யப்பட்டதல்ல. பயிற்சி பெற்றவர் கையிலும் கவனக்குறைவு உயிரைப் பறிக்கும் என்பதற்கு அது சான்று.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுவது உலகெங்கும் விபத்துகளுக்கு வழிவகுக்கும் தவறு. தோட்டா அறைக்குள் ஏற்கெனவே சென்றுவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும்.

ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. தரமான துப்பாக்கியில் மனிதர் தவறும் இடத்தில் இயந்திரம் ஓரளவு காக்கும். கள்ளத்துப்பாக்கியில் அந்த இரண்டாவது அரண் இல்லை. ‘7.65 மி.மீ.’ என்றும் வெளிநாட்டுத் தயாரிப்பு என்றும் முத்திரை குத்தி விற்கப்படும் போலிப் பிஸ்டல்களில் பாதுகாப்புப் பூட்டு இருப்பதுபோல் தோன்றலாம். அது உண்மையில் எதையும் பூட்டுகிறதா என்பதைச் சோதித்துச் சான்றளித்தவர் எவரும் இல்லை.

மகிழ்ச்சியின் பெயரால்

வட மாநிலத் திருமணங்களில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் இந்த ஆபத்தைப் பொதுவெளிக்குக் கொண்டு வருகிறது. 2016 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் பட்டிண்டா மாவட்டத்தில், திருமண நிகழ்ச்சி ஒன்றில் மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். இத்தகைய இறப்புகளைத் தொடர்ந்து, 2019-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தத்தில் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூடு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பொதுக்கூட்டம், வழிபாட்டுத் தலம், திருமணம் போன்ற இடங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் சுட்டால், இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

குழல் வானத்தை நோக்கி இருக்கிறது என்ற நம்பிக்கையே இங்கு அடிப்படைப் பிழை. சுத்தியலை இழுக்கும்போது கட்டைவிரல் நழுவினாலோ, சிக்கிக்கொண்ட தோட்டாவை எடுக்கக் குழலைத் தாழ்த்தினாலோ, அடுத்த குண்டு கூட்டத்தை நோக்கியே செல்லும்.

முங்கேர் முதல் இன்று வரை

கள்ளத்துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வரும் ஊர், பிகாரில் கங்கைக் கரையில் அமைந்துள்ள முங்கேர். 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் தமது தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து அங்கு மாற்றி, ஆயுதத் தொழிற்சாலையையும் நிறுவினார். அந்தக் கைத்தொழில் மரபு பிற்காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிற்கூடங்களாக வளர்ந்தது. அங்கு 12 போர் வேட்டைத் துப்பாக்கிகள் சட்டப்படி தயாரிக்கப்பட்டன. வேட்டைக்குத் தடை வந்து, தேவை குறைந்து, உரிமங்களும் அருகிய நிலையில் தொழில் நலிந்தது. வேலையிழந்த கைவினைஞர்களில் ஒரு பகுதியினர் சட்டவிரோதப் பட்டறைகளை நோக்கி நகர்ந்தனர்.

இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. உரிமத் தொழிற்கூடத்தில் ஒரு துப்பாக்கி உருவானால், அதில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட வேண்டும்; கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுச் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள பட்டறையில் உருவாகும்போது, பெயரும் எண்ணும் சோதனையும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. தேர்ந்த கைவினைஞர் ஒருவரே இரண்டையும் செய்திருந்தாலும், இரண்டாவது துப்பாக்கிக்குப் பொறுப்பேற்க யாருமில்லை.

விலையும் இதைத் தீர்மானிக்கிறது. கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு 2014-இல் அறிமுகமான ‘நிர்பீக்’ ரிவால்வரின் விலை அப்போது ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கும் அதிகமாக இருந்தது. அதை வாங்க உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி பாதுகாப்பாகக் கையாளுதல், சேமித்தல், எடுத்துச் செல்லுதல் குறித்த பயிற்சிச் சான்றும் வேண்டும். கள்ளத்துப்பாக்கியின் மலிவு, இரும்பின் மலிவால் மட்டும் வருவதல்ல. சோதனை, பயிற்சி, பொறுப்பு ஆகிய மூன்றையும் தவிர்ப்பதால் மிஞ்சும் பணமே அந்த விலைக் குறைவின் பெரும்பகுதி.

சட்டபூர்வச் சந்தையில் என்ன நடக்கிறது?

மலிவான கைத்துப்பாக்கிகள் சட்டப்படியே விற்கப்படும் அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் இந்தப் பொறுப்பின் மதிப்பு விளங்கும். கலிபோர்னியாவில் 1994-இல், மலிவுவிலைப் பிஸ்டல் ஒன்றிலிருந்து தோட்டாவை அகற்ற முயன்றபோது அது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். பாதுகாப்புப் பூட்டை விடுவித்தால்தான் தோட்டாவை அகற்ற முடியும் என்ற வடிவமைப்பே குறைபாடுடையது என்று வழக்கு தொடுக்கப்பட்டது. 2003-இல் தயாரிப்பு நிறுவனமும் பொறுப்பு என நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்த நிறுவனம் திவாலானது.

அதற்கு முன்பே, அம்மாநிலம் கைத்துப்பாக்கிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 1999-இல் இயற்றியிருந்தது. தோராயமாக ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆறு வெவ்வேறு நிலைகளில் கான்கிரீட் தளத்தின் மீது போட்டாலும் வெடிக்கக் கூடாது. 600 குண்டுகள் சுடும்போது ஆறு முறைக்கு மேல் கோளாறு ஏற்படக் கூடாது என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள்.

அமெரிக்காவின் துப்பாக்கிக் கலாசாரம் இந்தியாவுக்கு முன்மாதிரி அல்ல. ஆயினும், குறைபாடுள்ள துப்பாக்கியால் காயமடைந்தவர் அங்கு யாரை நோக்கி வழக்குத் தொடுப்பது என்பதாவது தெரியும். இங்கு கட்டாவால் காயமடைந்தவருக்கு எதிர்த்தரப்பே கிடையாது.

கணக்கில் வராத காயங்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணங்கள் குறித்த ஆண்டறிக்கையில், துப்பாக்கியால் நேரும் மரணங்கள் ஒரு பிரிவாக இடம்பெறுகின்றன. வெடித்தது உரிமம் பெற்றதா, கள்ளத்துப்பாக்கியா, கீழே விழுந்து வெடித்ததா, குழல் பிளந்ததா என்ற விவரங்களை அந்த ஒற்றைப் பிரிவு சொல்வதில்லை. உயிர் பிழைத்தவர்கள் அந்த அறிக்கைக்குள் வருவதே இல்லை.

காயமடைந்தவர் உண்மையைச் சொல்லவும் தயங்குவார். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். துப்பாக்கிக் காயத்துடன் மருத்துவமனைக்குச் சென்றால், சட்டம் சார்ந்த மருத்துவ வழக்காகப் பதிவாகிக் காவல்துறைக்குத் தகவல் செல்லும். எனவே, ‘அடையாளம் தெரியாத நபர்கள் சுட்டுவிட்டனர்’ என்று சொல்வதற்கோ, சிகிச்சையையே தள்ளிப்போடுவதற்கோ வலுவான காரணம் அவருக்கு இருக்கிறது. முதல் கதை அப்பாவி ஒருவரை வழக்கில் சிக்க வைக்கலாம். இரண்டாவது முடிவு கையையோ உயிரையோ பறிக்கலாம்.

நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி முக்கியமானது. ‘நான் சுடவில்லை, துப்பாக்கி தானாக வெடித்தது’ என்ற வாதம் உண்மையாகவும் இருக்கலாம், கொலையை மறைக்கும் பொய்யாகவும் இருக்கலாம். விசையை இயக்க எவ்வளவு அழுத்தம் தேவை, தட்டினால் அல்லது விழுந்தால் சுத்தியல் நழுவுகிறதா என்ற சோதனைகளே அதைத் தீர்மானிக்கும். ஆனால், ஆயுதச் சட்ட வழக்குகளில் வழக்கமாகக் கேட்கப்படுவது ‘இது சுடும் நிலையில் உள்ளதா?’ என்பதே. ஆம் என்ற பதில் கிடைத்ததும் வழக்குக்குத் தேவையானது முடிந்துவிடுகிறது. அழுத்தாமலும் சுடுமா என்பதைக் கேட்டால்தான், விபத்து என்று சொல்லப்படும் கொலைகளும், கொலை என்று பதிவாகும் விபத்துகளும் பிரித்தறியப்படும்.

அடுத்து என்ன?

உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவது குறித்து, 2023 பிப்ரவரியில் நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு தாமாக முன்வந்து கவலை தெரிவித்தது. அமெரிக்காவைப் போல் ஆயுதம் வைத்திருப்பது இந்திய அரசமைப்பில் அடிப்படை உரிமை அல்ல என்பதையும் உச்ச நீதிமன்றம் அப்போது சுட்டிக்காட்டியது. தொடர்ந்து 2024 நவம்பரில், இப்பிரச்சினையை ஆராய்ந்து செயல்திட்டம் வகுக்க மாநிலங்களில் தலைமைச் செயலர் தலைமையில் குழுக்கள் அமைக்க உத்தரவிடப்பட்டது.

அந்தக் குழுக்களின் பணி, பட்டறைகளைக் கண்டறிவதோடும் தோட்டாக்களின் கசிவை அடைப்பதோடும் நின்றுவிடக் கூடாது. சட்டவிரோதத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள் முதல் ஆயுள் வரை தண்டனை விதிக்க 2019-ஆம் ஆண்டின் திருத்தம் ஏற்கெனவே வழிசெய்துள்ளது. தண்டனையைக் கூட்டியதால் மட்டும் பட்டறைகள் மூடப்பட்டுவிடவில்லை என்பதைத் தொடரும் பறிமுதல்களே காட்டுகின்றன.

செலவு அதிகமில்லாத மூன்று நடவடிக்கைகள் உள்ளன. பறிமுதலாகும் ஒவ்வொரு துப்பாக்கியின் இயந்திர நிலையையும், தானாக வெடிக்கும் தன்மை உட்பட, தடய அறிவியல் அறிக்கையில் பதிவு செய்யலாம். விபத்து மரணப் புள்ளிவிவரத்தில் உரிமம் பெற்ற, பெறாத துப்பாக்கிகளைப் பிரித்துக் காட்டலாம். மருத்துவமனைகளில் பதிவாகும் துப்பாக்கிக் காயங்களை, பெயர் விவரமின்றி மாவட்ட அளவில் தொகுக்கலாம்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அது காவல்துறை நடத்தும் செய்தியாளர் சந்திப்பிலேயே தொடங்கலாம். மேசையில் அடுக்கப்பட்ட துப்பாக்கிகளைக் காட்டி, ‘இவை எத்தனை பேரைக் கொல்லக்கூடியவை’ என்று மட்டும் சொல்வது, வாங்க நினைக்கும் இளைஞருக்கு அந்தப் பொருளின் மீதான கவர்ச்சியையே கூட்டுகிறது. சோதனையில் எத்தனை குழல்கள் பிளந்தன, எத்தனை துப்பாக்கிகள் விசையைத் தொடாமலேயே வெடித்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால், பாதுகாப்புக்காக என்று நம்பி அதை வாங்குபவர், குண்டு முதலில் தன் வீட்டுக்குள்தான் பாயும் என்பதைப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு.